இஞ்சி விழுந்த பானை

செல்வராணி அக்கா சுவிஸின் ஃப்ரிபூர்க் நகரத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முன் பதினான்கு வருடம் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் அற்றெண்டனாக வேலை செய்தவர். கட்டில் விரிப்பு மாற்றுவது, நோயாளியைத் துடைத்துவிடுவது, டொக்டர் வரும்வரை கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருப்பது என்று ஓயாத வேலை. தாதிமாருக்கு அவர் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்று அவருடைய கணவர் பாலேந்திரன் அண்ணை சொல்லுவார். அக்கா தன்னைப் பற்றி அப்படி எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் வந்தது 1984 ஒக்டோபரில். கீழ் நகரத்தில், சாரின் ஆற்றை அண்டிய பழைய வீடொன்றில் இரண்டு அறைகள் கிடைத்தன. அதே வீட்டின் மேல் மாடியில் நாங்கள் இருந்தோம். அகதி மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் வேலை செய்யவும் அனுமதி இல்லை. பதினொரு மாதம் அக்கா அந்த அறைகளுக்குள் இருந்தார். துடைத்த யன்னலையே துடைத்தார். படுக்கை விரிப்பின் மூலைகளை ஆஸ்பத்திரி முறையில் மடித்து இறுக்கிச் செருகினார். பாலேந்திரன் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து, “இண்டைக்கும் வார்டு ரெடி. எனக்குப் படுக்கப் பயமாக் கிடக்கு, டொக்டர் வந்திடுவாரோ எண்டு” என்பார். அக்கா சிரிக்க மாட்டார். ஒருநாள் மட்டும் என்னிடம், “கை ரெண்டும் ஆரோ தந்த சாமான் மாதிரி மடியில கிடக்குது, பிள்ளை” என்றார்.

1985 செப்டெம்பரில் அவருக்கு வேலை கிடைத்தது. தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு விருந்தினர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. அந்தச் சமையலறை மதாம் ஏபிஷேர் என்ற அறுபது வயது அம்மாவின் கையில் இருந்தது. உயரமான மனிசி, குரலை உயர்த்தவே மாட்டார். அடுப்படிக்கு வெள்ளை ஏப்ரன், கழுவுமிடத்துக்கு நீல ஏப்ரன். நீலம் கட்டியவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது.

அந்த இல்லத்தைப் பற்றி அக்கா எங்களுக்கு முதன்முதலில் சொன்ன கதை பாற்கட்டிக் கதை. தை மாதத்தில் ஒரு மத்தியானம் வேலையாட்கள் எல்லோருக்கும் ஃபொந்து வைத்திருந்தார்கள். உருக்கிய பாற்கட்டியில் பாண் ரொட்டித் துண்டைத் தோய்த்துச் சாப்பிடும் சாப்பாடு. அக்காவுக்குத் தொண்டை அடைத்தது. குழாயில் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்து வாயருகே கொண்டுபோனபோது மதாம் எழுந்து வந்து கையிலிருந்த கோப்பையைப் பறித்துத் தொட்டியில் ஊற்றிவிட்டார். பாற்கட்டிக்கு மேல் குளிர் தண்ணீர் குடித்தால் அது வயிற்றில் கல்லாக இறுகிவிடும், ஆளையே கொண்டுபோய்விடும் என்று அருகிலிருந்த பெண் சைகையால் விளக்கினாளாம். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. “என்னில அக்கறையாத்தானே பறிச்சவ” என்று சொல்லிவிட்டு, அன்று மாலை எங்கள் வீட்டில் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தார்.

1986 சித்திரையில், அடுப்படியில் இரண்டாவது ஆளாக நின்ற பெண் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அக்காவின் ஒப்பந்தம் ஆனி, அதாவது ஜூன், முடிவில் தீர இருந்தது. கழுவும் வேலைக்கு இயந்திரம் வாங்கப்போகிறார்கள். மதாம் அக்காவைக் கூப்பிட்டு, ஆனி முடிவுவரை பார்ப்பேன், சரியாக வந்தால் அந்த இடம் உனக்கு என்றார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை அனுமதியும் போய்விடும். மறுபடி அந்த இரண்டு அறைகள்.

அன்று முதல் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினார். சோஸ் எப்போது தடிக்கிறது, உருளைக்கிழங்கு எப்போது இறக்கப்படுகிறது என்றெல்லாம் எங்கள் வீட்டில் வந்து சொல்லுவார். பிரெஞ்சுச் சொற்களை என்னிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுவார்.

ஆனி மாதம் பிரேசிலிலிருந்து முப்பது பேர் வருவதாக அறிவித்தார்கள். ஃப்ரிபூர்க்குக்கும் பிரேசிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1819இல், பஞ்ச காலத்துக்குப் பிறகு, இந்தப் பக்கத்து மலைகளிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் இரண்டாயிரம் பேர் வரையில் கப்பலேறினார்கள். பலர் கடலிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் ரியோவுக்கு மேலேயுள்ள மலைகளில் நோவா ஃப்ரிபூர்கு என்று ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பூட்டன் பூட்டிகளின் ஊரைப் பார்க்க வருகிறார்கள். பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்தோனியார் திருநாள். அன்று மாலை நாற்பது பேருக்கு விருந்து. பிரேசில் சாப்பாடாகவே இருக்கவேண்டும் என்று வரவேற்புக் குழு விரும்பியது. அன்று காலை ஜெனீவாவிலிருந்து மெழுகு பூசிய நீளக் கிழங்குகள் இரண்டு பெட்டிகளில் வந்து இறங்கின.

அது மரவள்ளி என்று சமையலறையில் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. மதாம் ஒரு கிழங்கை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, உருளைக்கிழங்குபோல் தோலோடு கழுவி, ஆவி போகாத பெரிய பானையில் மூடி அவிக்கலாம் என்று தீர்மானித்தார். அக்கா நீல ஏப்ரனோடு நடுவில் போய் நின்றார். ஊரில் மரவள்ளியை மூடி அவிப்பதில்லை; மூடக்கூடாது என்று கையால் மூடியை எடுத்துக் காட்டினார். கத்தியை வாங்கிக் கிழங்கைக் கீறி, மேல்தோலோடு தடித்த அடித்தோலையும் ஒரே இழுப்பில் உரித்தார். நடுவிலிருந்த நாரை உருவி எறிந்தார். முதல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று காட்டினார். மதாம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆணியில் கிடந்த வெள்ளை ஏப்ரன் ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். இன்றைக்கு மட்டும் என்று விரலையும் காட்டினார்.

அக்கா அதைக் கட்டிக்கொண்டதை எங்களுக்குச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும்.

வந்தவர்களோடு ஜந்தீரா என்றொரு அம்மாவும் வந்திருந்தார். ஐம்பது வயது, கறுத்த, பருத்த பெண். குழுவில் முக்கியமான ஒரு குடும்பத்தின் வீட்டில் இருபத்தேழு வருடமாகச் சமைப்பவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தன்னுடைய சாமான்களோடு சமையலறைக்கு வந்தார்: ஒரு போத்தல் சிவந்த செம்பனை எண்ணெய், ஒரு பை மரவள்ளி மா. ரின்னில் அடைத்த தேங்காய்ப்பாலும் இறாலும் ஏற்கனவே வாங்கி வைக்கப்பட்டிருந்தன. அவித்து மசித்த மரவள்ளியில் தேங்காய்ப்பாலும் செம்பனை எண்ணெயும் இறாலும் சேர்த்துத் துழாவும் ஒரு தடித்த குழம்பு செய்ய வேண்டும்.

இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆனால் ஜந்தீரா கதிரையை இழுத்துத் தன் மொழியில் ‘கதேய்ரா’ என்றார், மேசையைத் தட்டி ‘மேசா’ என்றார், கை துடைத்தபோது ‘தொஆல்யா’ என்றார். எங்கள் கதிரை, மேசை, துவாய். போர்த்துக்கேயர் நானூறு வருடத்துக்கு முன் எங்கள் வீடுகளில் விட்டுப்போன சொற்கள் அந்தக் குசினியில் ஒவ்வொன்றாக எழும்பி நின்றன. அக்கா பாணைத் தூக்கிக் காட்டினார். அதன் பெயரை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், அதுவும் ஒரே சொல்தான். மதாம் ஏபிஷேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வேலை நடக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு மேலே மண்டபத்துக்குப் போனார்.

மூன்று மணிக்கு முதல் பெட்டிக் கிழங்கு முழுவதும் அவிந்து மசிந்து பெரிய பானையில் இருந்தது. அக்கா வெங்காயம் எடுக்க நிலவறைக்கு இறங்கினார். திரும்பி வந்தபோது வாசலிலேயே மணம் வந்தது. ஜந்தீரா ஓர் இஞ்சியைச் சுரண்டிப் பானைக்குள் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மரவள்ளி அவித்த அன்று பிளேன்ரீக்குக்கூட இஞ்சி தட்டமாட்டார்கள். ஆனால் அக்காவிடம் இருந்தது ஊர்ப்பேச்சு மட்டுமல்ல. 1974இல், பாணுக்கு வரிசையில் நின்று வீடுகள் எல்லாம் மரவள்ளியைத் தின்ற காலத்தில், ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் வார்டுக்கு வந்தார்கள். மரவள்ளி தின்ற பிள்ளைகள். வயிற்றுக் குத்துக்கு நல்லதென்று தாய் இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் எழும்பிப் போனார்கள். மூன்றாவது பிள்ளையின் கை அக்காவின் விரல்களுக்குள்தான் குளிர்ந்தது.

அக்கா வெங்காயக் கூடையைக் கீழே வைத்தார். ஜந்தீராவை ஒரு கையால் விலக்கினார். துணியால் பானையின் காதுகளைப் பிடித்துத் தூக்கிப் பின்கதவுக்கு வெளியே போனார். அங்கே ஒரு விவசாயி தன் பன்றிகளுக்காகக் கழிவு சேர்க்க விட்டுப்போகும் பெரிய வாளி நின்றது. அதற்குள் முழுவதையும் கொட்டிவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டுத் தொலைபேசி நாலு மணிக்கு அடித்தது. மதாம் ஏபிஷேர் வழக்கமான தாழ்ந்த குரலில், உங்கள் வீட்டுக்காரப் பெண் நாற்பது பேரின் சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டுவிட்டார், ஏனென்று எனக்குத் தெரியவேண்டும், உடனே வாருங்கள் என்றார். பாடசாலையில் படித்த பிரெஞ்சை நான் இதற்கு முன் கடிதங்களுக்கும் படிவங்களுக்கும்தான் பயன்படுத்தியிருந்தேன்.

நான் போனபோது அக்கா ஏற்கனவே வெள்ளை ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்திருந்தார். 

“மரவள்ளிக்கை இஞ்சியைப் போட்டுட்டா, பிள்ளை. நாப்பது பேர். நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

“கேட்டிருக்கலாமே, அக்கா.”

“எந்தப் பாசையில கேக்கிறது?”

நான் மதாமுக்கு அந்த விதியைச் சொன்னேன்; அக்கா ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் என்பதையும் சொன்னேன். எனக்கும் அது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விதிதான். அதைப் பிரெஞ்சில் சொல்லிக் கேட்டபோதுதான் எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தது. ஜந்தீராவுக்குத் தான் வேலை செய்யும் வீட்டில் பழகிய பிரெஞ்சு ஓரளவு பேச வரும். கேட்டுவிட்டு வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்தார்.

மதாம் சொன்னது எல்லாம் நியாயம். விருந்தாளியின் கையால் செய்த சாப்பாடு. அந்த அம்மா அதைத் தின்று ஐம்பது வருடம் வாழ்ந்து இங்கே முன்னால் நிற்கிறார். தன் அடுப்பில் நிற்பவர் தன்னைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கொட்டக்கூடாது. இனி ஆனிக்குப் பிறகு வேறு ஆளைத் தேடவேண்டியதுதான். கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

அக்கா மதாமின் பக்கம் திரும்பினார். பிறகு, “அவவிட்டைக் கேளும் பிள்ளை,” என்றார். “தை மாசம் என்ர கையில இருந்த தண்ணியை ஏன் பறிச்சு ஊத்தினவ எண்டு.”

“அக்கா, இப்ப ஏன் அது?”

“கேளுமன்.”

கேட்டேன். மதாம் ஏபிஷேர், அது வேறு விஷயம், அது எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். என்ன கதை என்று ஜந்தீரா கேட்க, மதாம் தானே விளக்க வேண்டியதாயிற்று: பாற்கட்டி, குளிர் தண்ணீர், வயிற்றில் கல். ஜந்தீரா மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை. ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னொரு பெட்டி இருக்கிறது,” என்றார். “ஏழு மணிக்கு விருந்து. மற்றதைத் திங்கட்கிழமை சொல்கிறேன்.”

நால்வரும் இருந்து கிழங்கு உரித்தோம். அக்கா நீல ஏப்ரனைத்தான் கட்டியிருந்தார். மதாமும் கத்தி எடுத்தார். மூன்றாவது கிழங்கிலேயே ஒரே இழுப்பில் அடித்தோலை எடுக்கப் பழகிவிட்டார்.

மூடியில்லாத பானையில் கிழங்கு வேகத் தொடங்கியதும் ஜந்தீரா முதலில் வெந்த துண்டொன்றைக் கோப்பையில் எடுத்தார். அதன்மேல் இஞ்சியைத் தாராளமாகச் சுரண்டிப் போட்டார். அக்காவுக்கு முன்னால் கதிரையை இழுத்து இருந்து, அவருடைய கண்ணைப் பார்த்தபடி முழுவதையும் தின்றார். பிறகு இடது கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தார். நாடி பார்க்கச் சொல்கிறார் என்று விளங்க அக்காவுக்கு ஒரு கணம்தான் பிடித்தது. என் மொழிபெயர்ப்பில் ஆஸ்பத்திரி என்ற சொல்லை அவர் பிடித்து வைத்திருக்கவேண்டும். அக்கா மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இருபது நிமிடம் அப்படியே இருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் ஜந்தீரா மற்றக் கையால் மரவள்ளி மாவை மேசையில் கொட்டிப் பரப்பினார். ஒரு பெரிய தேசம் வந்தது, மேலே அகன்று கீழே ஒடுங்கி. நடுவிரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதுதான் பெரிய ஆறு, நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். கிழக்கில் ஒரு பள்ளம்: பஹியா, தான் பிறந்த இடம், கடல், மாமரம், பலா. அதற்கு உள்ளே கையால் தடவி ஒரு வறண்ட நிலம்: மழை பொய்த்தால் ஊரே மூட்டை கட்டும். கீழே ஒரு குவியல்: நோவா ஃப்ரிபூர்கு. பதினேழு மணித்தியாலம், இருபது மணித்தியாலம் என்று பஸ்ஸில் இருந்து, இருபத்து மூன்று வயதில் அங்கே போய் இறங்கியபோது ஆனி மாதக் குளிரில் புல் வெளுத்திருந்ததாம். இந்த நாட்டிலா பிறந்தேன் என்று அழுதாராம்.

“எங்கட நாட்டை இதுக்குள்ள வைக்கிறதெண்டால்?” என்று அக்கா கேட்டார். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் சொன்னதும் ஜந்தீரா ஒரு சிட்டிகை எடுத்து மேசையின் மூலையில் வைத்தார். சுவிஸ் எது என்று மதாம் கேட்டார். ஜந்தீரா அந்தச் சிட்டிகையிலிருந்து கொஞ்சம் தட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மதாம் அதை உற்றுப் பார்த்துவிட்டு உரிக்கத் திரும்பினார்.

மாம்பழமும் பாலும் சேர்ந்தால் ஆள் செத்துப்போகும் என்று தனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள் என்றார் ஜந்தீரா. இருபது வயதுவரை நம்பினாராம். அடிமைக் காலத்தில் தோட்டத்து முதலாளிகள் கட்டிவிட்ட கதை அது என்று அங்கே சொல்வார்கள். மாம்பழம் மரத்தடியில் சும்மா கிடைக்கும், பால் முதலாளிக்கு வேண்டும். “என் பாட்டியின் தாய் அடிமையாக இருந்தவர். அவரை அடித்தவர்கள் போய்விட்டார்கள், இது மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது,” என்றார்.

பிறகு கிழங்கைப் பற்றிச் சொன்னார். அவர்களிடம் இரண்டு சாதி மரவள்ளி உண்டு, சாது ஒன்று, முரடு ஒன்று. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சாதுவை அவித்துத் தின்னலாம். முரட்டில் நஞ்சு இருக்கிறது. அவித்தால் மட்டும் போகாது. ஆற்றுப் பக்கத்துக் காட்டு மக்கள் அதைத் துருவி, பின்னிய நீளக் குழாய்ப் பைக்குள் அடைத்துப் பிழிந்து, சாற்றை வடித்து, வறுத்து மாவாக்குவார்கள். வெள்ளைக்காரர் கப்பலேறுவதற்கு எத்தனையோ காலம் முன்பே அவர்கள் கண்டுபிடித்தது. இந்த மேசையில் கிடப்பது அந்த மாதான். இஞ்சி இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, முரட்டுக் கிழங்கை அறியாமல் அவித்தால் ஆபத்துத்தான். முதலில் போவது பிள்ளைகள்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது அக்காவின் விரல்கள் மணிக்கட்டில் இருந்தன, ஆனால் அவர் எண்ணவில்லை.

“அப்ப இஞ்சி இல்லையோ?”

“இல்லையாம், அக்கா. கிழங்கிலதானாம்.”

“டொக்டரும் அண்டைக்கு அப்பிடித்தான் சொன்னவர். ஆர் கேட்டது. வார்டு முழுக்க இஞ்சி எண்டுதான் கதை, நானும் கதைச்சன்.” மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தத் தாய்க்கும் கேட்டிருக்கும். தான் குடுத்த தேத்தண்ணியாலதான் பிள்ளை போனதெண்டு பன்னிரண்டு வருசமா நினைச்சுக்கொண்டிருக்கிறாளே.”

யாருக்கும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானும் செய்யவில்லை. ஜந்தீரா கையை எடுக்காமல் இருந்தார்.

இருபத்தோராவது நிமிடத்தில் அக்கா மணிக்கட்டை விட்டார். “எழுவத்தாறு. நல்ல நாடி,” என்றார். எழுந்து பானையை இறக்கி முதல் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். கிழங்கு மசிந்ததும் சுரண்டியை எடுத்து இஞ்சியைத் தானே சுரண்டினார். பானைக்கு மேல் கை ஒரு கணம் நின்றது. பிறகு போட்டார்.

ஏழே கால் மணிக்குச் சாப்பாடு மேலே போனது. முதல்நாள் பிரேசில் உலகக் கோப்பையில் மூன்று கோல் அடித்து வென்றிருந்ததால் மண்டபம் நல்ல உற்சாகத்தில் இருந்தது. மாடிப்படி முடிவில், மண்டபத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் சின்னச் சாளரத்துக்குப் பக்கத்திலேயே அக்கா நின்றார். நாற்பது முகங்களையும் வார்டில் பார்ப்பதுபோல் கோப்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் இருமினால் கழுத்தை நீட்டினார். பலர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

நகரத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து அன்று கப்பலேறிய குடும்பங்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது கை தட்டினார்கள். ஜந்தீரா படியில் எங்களோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நாங்களும் கப்பலில்தான் வந்தோம்,” என்றார் என்னிடம். “எங்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.”

நான் சொன்னதைக் கேட்டு அக்கா, “எங்கட பேரை இந்த நாட்டில எத்தினை அகதிக் கந்தோரில எழுதி வைச்சிருக்கினம் எண்டு சொல்லும். வேணுமெண்டால் அவ கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகட்டும்” என்றார். ஜந்தீரா சிரித்த சிரிப்பு சாளரத்தால் மண்டபத்துக்குள் கேட்டிருக்கும்.

சனியும் ஞாயிறும் அக்கா வீட்டில் விரிப்பு மாற்றினார். பாலேந்திரன் அண்ணை பகிடி விடவில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அக்கா போனபோது பின்கதவடியில் பன்றி விவசாயி வாளியை மாற்றிக்கொண்டிருந்தார். மதாம் ஏபிஷேர் அவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். அக்காவைக் கண்டதும் அவரை நிறுத்திவைத்து, சனிக்கிழமை கொண்டுபோனதைப் பன்றிகள் தின்றனவா என்று மறுபடி கேட்டார். தின்றன. எல்லாம் சுகமா? எல்லாம் சுகம், ஒன்று குட்டிகூடப் போட்டிருக்கிறது. அக்காவுக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும்.

மதாம் உள்ளே போய் ஆணியிலிருந்து வெள்ளை ஏப்ரனை எடுத்து வந்தார். “இனிமேல் எதையும் கொட்டுவதற்கு முன் என்னைக் கேட்க வேண்டும்,” என்றார். பிறகு, தானும் யாருடைய தண்ணீரையும் கேட்காமல் ஊற்றமாட்டேன் என்று சேர்த்துக்கொண்டார். ஆடி முதலாம் தேதி புதிய ஒப்பந்தம் கைக்கு வந்தது. அக்கா அதை என்னிடம் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

அந்த ஆடியில்தான் அவர் ஒரு கடிதம் எழுதினார். தன் கையாலேயே எழுதினார். பிரேசில் பெயர்களை எப்படி எழுதுவது என்று மட்டும் என்னிடம் கேட்டார். அந்தத் தாயின் பெயர் இரத்தினம்மா. வார்டில் கூட வேலை செய்த ஒருத்திக்கு விலாசம் தெரிந்திருந்தது. சாது, முரடு என்ற இரண்டு சாதிக் கிழங்கு, பிழியும் பை, மா எல்லாவற்றையும் எழுதியிருந்தார். முடிவில், உங்கட தேத்தண்ணியில ஒரு பிழையும் இல்லை, நான் அண்டைக்கு வார்டில பிழையாக் கதைச்சதுக்கு மன்னிக்க வேணும் என்றிருந்தது. ஊரில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. கடிதம் போய்ச் சேருமென்று நான் நம்பவில்லை.

கார்த்திகையில் பதில் வந்தது. ஒரே பக்கம். மிஞ்சிய இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள், பெரியவள் வகுப்பில் முதலாம் பிள்ளை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார். பன்னிரண்டு வருசமா இந்த வீட்டுக்கை இஞ்சி வந்ததில்லை, போன கிழமை சந்தையில ஒரு துண்டு வாங்கினன் என்று எழுதியிருந்தார். அக்கா கடிதத்தை மடித்து ஒப்பந்தம் இருந்த உறைக்குள் வைத்தார்.

மார்கழியில் வேலையாட்களுக்கு மறுபடி ஃபொந்து. இந்த முறை பாற்கட்டியைத் துழாவியது அக்காதான். எல்லோரும் இருந்ததும் மதாம் ஏபிஷேர் எழுந்து போய்க் குழாயில் ஒரு கோப்பை குளிர் தண்ணீர் பிடித்துவந்து அக்காவுக்கு முன்னால் வைத்தார். மேசையே பார்த்துக்கொண்டிருந்ததாம்.

“குடிச்சனீங்களோ?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன விசரே, பிள்ளை?” என்றார் அக்கா. “சூடாத் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சன்.”